திங்கட்கிழமை எடுத்த பணம்

அத்தியாயம் 14

போன வாரம் நர்மதாவை அழுத கண்ணோடு விட்டுவிட்டு வந்தோம். அவள் அழுததில் நியாயம் இருந்தது. ஆறு வருடமாக அக்ஷயா மையத்தில் உட்கார்ந்து, ஊராரின் ஆதாரையும் ரேஷன் கார்டையும் திருத்திக் கொடுத்துச் சேர்த்த மூன்று லட்ச ரூபாய் அது. சொந்தமாக ஒரு மையம் எடுத்து நடத்த வேண்டும் என்று வைத்திருந்தாள். அண்ணன் ரமேஷ்குமார் சொன்னான் என்று அவன் கணக்கிலேயே, பிட்காயின் வாங்கி விற்கும் மித்ராக்ஸ் எக்ஸ்சேஞ்சில் போட்டுவைத்தாள்.

ஒன்பது நாளைக்கு முன், ஒரு வியாழக்கிழமை, மித்ராக்ஸ் கதவைச் சாத்தியது. ஆப்பைத் திறந்தால் கணக்கு தெரியும், அதில் நம் பெயரும் தொகையும் தெரியும். எடுக்கப் போனால் மட்டும் 'பராமரிப்புப் பணி நடக்கிறது' என்று ஒரு வரி வரும். ஊரான் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பராமரிக்கிறார்களாம்.

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகிற பாதையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் மட்டும் இருபத்து மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். பிட்காயின் என்றால் என்னவென்று அவர்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. ரமேஷ்குமாரைத் தெரியும். அது போதுமாக இருந்தது.

ரமேஷ்குமார் ஊர்ப் பால் கூட்டுறவான க்ஷீர சங்கத்தில் பால் பரிசோதிக்கிறவன். பதினான்கு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறான். மெஷினில் கொழுப்பு எவ்வளவு என்று எண் வந்ததும், பால் ஊற்றியவர் கண்ணில் படும்படி அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் எழுதுவான். சொந்த அப்பா பொங்கியண்ணன் கொண்டுவந்த பாலில் ஒருநாள் தண்ணீர் காட்டியது. வரிசையில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, 'எடுக்க முடியாதுங்கப்பா' என்று கேனைத் திருப்பி அனுப்பிவிட்டான். அன்றைக்கு அவர் மகனிடம் பேசவில்லை. ஊர் அவனை அன்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நம்பியது.

அப்படிப்பட்டவன் மித்ராக்ஸின் கையிருப்பை நானே பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்றான். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மித்ராக்ஸ் தன் பெட்டகத்தைத் திறந்து காட்டும். இத்தனை காயின் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று அந்தப் பெட்டகத்தின் முகவரியோடு ஆப்பில் போடும். ரமேஷ்குமார் அதைப் போனில் எடுத்து, பால் ஊற்ற வருகிறவர்களிடம் எண்ணைத் திருப்பிக் காட்டுவது போலவே காட்டுவான்.

இன்று சனிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு இருபத்து மூன்று பேரும் சங்கத்தில் கூடி, பராதி என்கிற புகார் மனுவில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போடுவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பராதியை டைப் அடிக்கும் பொறுப்பு நர்மதாவுடையது. ஊரில் இந்த மாதிரி வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை.

ஒன்பது மணிக்கு மையத்தைத் திறந்ததும் அவள் அதில்தான் உட்கார்ந்தாள். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே இழந்த தொகை, கூடவே ஆப்பிலிருந்து எடுத்த ஸ்டேட்மென்ட். இருபத்து இரண்டு பேரின் காகிதமும் வந்துவிட்டது. முதல் வரிசை ரமேஷ்குமாருடையது. நாலு லட்சத்து இருபதாயிரம் என்று தொகையைச் சொல்லியிருந்தான். காகிதம் அப்புறம் தருகிறேன் என்றிருந்தான். இரண்டு முறை கேட்டும் அப்புறம், அப்புறம்தான்.

பாவம், அதைத் திறந்து பார்க்கவே அவனுக்கு மனம் வரவில்லை என்று இவளாக நினைத்துக்கொண்டாள். அவனுக்கு அந்தக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்ததே அவள்தான். பாஸ்வேர்டும் அவளுக்குத் தெரியும், அண்ணன் சொன்னதே போதும் என்று இத்தனை நாள் அதைத் திறந்ததில்லை. அண்ணனுக்கு ஒரு அலைச்சல் மிச்சமாகட்டும் என்று திறந்தாள்.

இருப்பு பூஜ்யம் என்று காட்டியது.

நர்மதா பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். மறுபடியும் பூஜ்யம். பழைய வரவு செலவைத் திறந்தாள். எக்ஸ்சேஞ்ச் மூடுவதற்கு மூன்று நாள் முன்பு, திங்கட்கிழமை மாலை நாலு பன்னிரண்டுக்கு, நாலு லட்சத்து இருபதாயிரமும் ரமேஷ்குமாரின் வங்கிக் கணக்குக்குப் போயிருந்தது. வெற்றிகரமாக முடிந்தது என்று பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு குறி.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். என் மூன்று லட்சம் பத்திரமாக இருக்கிறது என்று நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது.

எனக்கும்தான் போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தானே. தங்கை இரண்டு நாள் சாப்பிடாமல் அழுததைப் பக்கத்தில் நின்று பார்த்தானே. பணம் போன ஆத்திரத்தில் அவன் மனைவி கோமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே போய்விட்டாளே, அவளிடமாவது சொல்லியிருக்கலாமே.

நர்மதா ஸ்டேட்மென்டைப் பிரின்ட் எடுத்தாள். மையத்துக்கு வந்திருந்த இரண்டு பேரை மதியத்துக்கு மேல் வரச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

வீட்டில் அப்பாவும் அண்ணனும் கட்டுத்தரையில் இருந்தார்கள். ரமேஷ்குமார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். பொங்கியண்ணன் தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நர்மதா காகிதத்தை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் அதை வாங்கக்கூட இல்லை. பார்த்ததுமே புரிந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தான்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் அம்மிணி. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போயிருச்சு."

பிறகு அவனாகவே எல்லாவற்றையும் சொன்னான். அந்தத் திங்கட்கிழமை மதியம் கொச்சியிலிருந்து அவன் சிநேகிதன் ஜிதின் போன் செய்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், மித்ராக்ஸில் அவனும் பணம் போட்டவன். ஒன்றாம் தேதியை மட்டும் பார்க்காதே, அதற்கு முந்தின நாளையும் பிந்தின நாளையும் பார் என்றான். காயின் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது யாரும் பார்க்கக்கூடிய பதிவுதான், ஒளிவு மறைவில்லை. இத்தனை நாள் ரமேஷ்குமார் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்த்தால், ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் வேறெங்கிருந்தோ மொத்தமாகக் காயின் வந்து பெட்டகத்தில் விழுகிறது. ஒன்றாம் தேதி ஊருக்கே காட்டுகிறார்கள். இரண்டாம் தேதி வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. ஏழு மாதமாக இதே கதை.

நர்மதாவுக்குப் புரிந்தது. பொங்கியண்ணனுக்கு அவளைவிட வேகமாகப் புரிந்தது. அவர் சிரித்தேவிட்டார்.

"இது நம்ம பேங்க்காரனுக்கு மாடு காட்டுன கதையாட்டமில்ல இருக்குது."

அந்தக் கதை நர்மதா அதுவரை கேள்விப்படாதது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஆறு மாட்டுக்கு என்று வங்கியில் கடன் வாங்கினாராம். வாங்கியது இரண்டுதான், மீதிப் பணத்தில் போர்வெல் போட்டுவிட்டார். அதிகாரி எண்ணிப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் முதலமடையில் இருந்த மச்சானிடமிருந்து நாலு மாட்டை ஓட்டிவந்து கட்டினார். கடன் மாடு என்று காதில் அடையாள நம்பர் போடும் ஆள் வருவதற்கு முன்பே அதிகாரி வந்தார், ஆறு இருக்கிறது என்று எண்ணி எழுதினார், இளநீர் குடித்தார், போனார். பொழுது சாய்வதற்குள் நாலும் முதலமடைக்குத் திரும்பிப் போய்விட்டன.

"அவரு மாட்டை எண்ணுனாரு. யாரு மாடுன்னு கேக்கோணும்னு தோணல" என்றார் பொங்கியண்ணன். சொல்லிவிட்டுத்தான், கேட்டுக்கொண்டிருந்த இருவரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். அவர் முகமும் மாறிவிட்டது.

நர்மதா அண்ணன் பக்கம் திரும்பினாள். திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே பால் ஊற்ற எல்லோரும் சங்கத்துக்கு வந்திருப்பார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செவ்வாய், புதன் இரண்டு நாள் இருந்ததே என்று கேட்டாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கப் போனால் அப்போதே மூடியிருப்பார்கள், யாருக்குமே வந்திருக்காது என்றான் ரமேஷ்குமார். இதைப் பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பழகியிருந்தான் போல, தடங்கலில்லாமல் வந்தது.

"ஆருக்கும் வந்திருக்காதுங்களா, நமக்கு வந்திருக்காதுங்களா?"

அவன் குனிந்து வாளியை நகர்த்தி வைத்தான். "உன்ற காசை நெனச்சுத்தான் எடுத்தேன்" என்றான். அதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் சங்கடப்படுத்தியது.

பொங்கியண்ணன் மூட்டையை விட்டு எழுந்து வந்தார். நடந்தது நடந்துவிட்டது, ஒப்பு போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள் என்றார். இருபத்து மூன்று பேரில் ஒருவன் தொகை கூடவோ குறையவோ இருந்தால் எந்தப் போலீஸ் கண்டுபிடிக்கப்போகிறது என்றார். வீட்டு விஷயம் கட்டுத்தரையைத் தாண்டக் கூடாது என்றார். கடைசியாக மகளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"வந்ததுல உன்றதும் இருக்குதில்ல கண்ணு. நெனச்சுப் பாத்துக்க."

அவள் நினைத்துத்தான் பார்த்தாள். போகாத பணத்தைப் போனதாக எழுதி அண்ணன் ஒப்பு போட்டால், அது போலீஸுக்குக் கொடுக்கிற பொய். அதை டைப் அடித்துக் கொடுத்தவளும் அவளாகவே இருப்பாள். நாளைக்கு யாராவது ஒருவர் அவன் வங்கிக் கணக்கை எட்டிப் பார்த்தால் போதும், அவன் பொய் வெளியே வருவதோடு, மற்ற இருபத்து இரண்டு பேரின் பராதியும் சேர்ந்து நாறிப்போகும். அவர்கள் உண்மையாகவே இழந்தவர்கள்.

முதல் வரிசையை நான் காலியாக விட்டுத்தான் கொண்டுவருவேன் என்றாள் நர்மதா. அதில் என்ன எழுத வேண்டுமென்பது உங்கள் இஷ்டம், நான் அடிக்கமாட்டேன் என்றாள். சோறு தின்றுவிட்டுப் போ என்று அப்பா சொன்னது காதில் விழாதது போல வண்டியைக் கிளப்பினாள்.

மூன்று மணிக்கு முன்பே சங்கத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். பால் கேன்களை ஓரம் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் ஞானஜோதி பேனாவும் மைப் பெட்டியும் எடுத்துவைத்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் நாலு பேர் இருந்தார்கள்.

பொன்னாத்தாள் நர்மதாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவள். கணவன் லாரி மோதி இறந்ததற்குக் கிடைத்த நஷ்ட ஈட்டில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மித்ராக்ஸில் போட்டிருந்தாள். அவளுக்கு இந்தப் போன் சமாச்சாரமெல்லாம் தெரியாது. ரொக்கத்தை ரமேஷ்குமார் கையில் கொடுத்தால் அவன் அவள் கணக்கில் ஏற்றிவிடுவான்.

அவள் தன் கவலையைப் பேசவில்லை. கோமதி திரும்பி வந்தாளா என்று கேட்டாள். ஒரு வாரமாக மதியச் சோறு பொன்னாத்தாள் வீட்டிலிருந்துதான் ரமேஷ்குமாருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நம்மளதாச்சும் நம்ம காசோட போச்சு. தம்பிக்கு நம்ம எல்லாருத்து பாரமும் சேந்துக்கிச்சு. மூஞ்சியப் பாக்க முடியலீங்க" என்றாள்.

நர்மதாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மடியில் இருந்த ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ரமேஷ்குமார் வந்தான். பின்னாலேயே பொங்கியண்ணனும் வந்து கதவோரம் நின்றார். ஞானஜோதி பராதியை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். பெயர்களுக்கு வந்ததும் நின்றார். முதல் வரிசை ஏன் காலியாக இருக்கிறது, ரமேஷ்குமார் பெயர்தானே அங்கே வர வேண்டும் என்று நர்மதாவைக் கேட்டார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பேனாவை எடுத்து எழுதிவிடலாம், மூன்று லட்சமும் பத்திரமாக இருக்கும், அண்ணனும் நல்லவனாகவே இருப்பான். அந்த நிமிடத்தில் அவளுக்கு அப்படிச் செய்துவிட ஆசையாகத்தான் இருந்தது.

"அண்ணனோட பேப்பர் எங்கிட்ட இருக்குதுங்க" என்றாள். ஃபைலிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். "என்னன்னு அவரே சொல்லட்டும்."

பொங்கியண்ணன் கதவோரத்திலிருந்து குரல் கொடுத்தார். பையனுக்குக் காலையிலிருந்து உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்றார். ரமேஷ்குமார் திரும்பி அப்பாவைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினான். தினமும் நிற்கிற அந்த மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பழக்கத்தில் கால் அங்கேதான் போனது.

"என்ற காசு போகலீங்க" என்றான். "மூடறதுக்கு மூணு நாளைக்கு முன்னாலயே எடுத்துட்டேன்."

சிலருக்குப் புரியவில்லை. சிலருக்குப் புரிந்தும் நம்பிக்கை வரவில்லை. அவன் நிறுத்தாமல் சொன்னான். ஜிதின் போன் செய்ததைச் சொன்னான். கடைசி நாளில் வந்து இரண்டாம் நாளில் திரும்பிப் போகும் காயினைப் பற்றி, மாட்டை இரவல் வாங்கிக் கட்டுவது மாதிரி என்றான். அது எல்லோருக்கும் விளங்கியது. வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை என்று சொல்வதற்கில்லை. பொங்கியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேனைக் கலக்காம மேலால சாம்பிள் எடுக்கக் கூடாதுன்னு உங்களுக்கெல்லாம் சொல்றவன் நான். அவங்க காட்டுன எடத்துல மட்டும் பாத்துட்டு சரின்னு சொல்லிப் போட்டேன். அது என்ற தப்பு. தெரிஞ்சதுக்கு அப்புறம் வாயத் தொறக்காம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. பயந்துட்டேனுங்க."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். எங்கள் பணத்தில் உன் பணத்தை எடுத்துக்கொண்டாயா என்று ஒருவர் கேட்டார். ஒன்பது நாளாக எங்களோடு உட்கார்ந்து அழுதாயே என்று இன்னொருவர் கேட்டார். ஞானஜோதி கையமர்த்திப் பார்த்தார், நடக்கவில்லை. ரமேஷ்குமார் அசையாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நர்மதாவுக்கு அண்ணன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என்ன இருந்தாலும் எழுந்து நின்று சொல்லிவிட்டானே என்று நினைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

அப்போது பொன்னாத்தாள் எழுந்தாள். அவள் எழுந்ததும் சத்தம் தானாக அடங்கியது. அவள் சத்தம் போடவில்லை. ஏதோ விட்டுப்போன சேதியைக் கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

"திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியுமுங்களா தம்பி?"

"தெரியுமுங்க அக்கா."

"அப்ப செவ்வாக்கிழமை காத்தால நான் வந்தனே. கெடாரிக் கன்னு வித்த காசு அம்பதாயிரத்த உங்க கையிலதானே குடுத்தேன். எண்ணிப் பாத்துட்டு, ஏத்திர்றேன் அக்கான்னு சொன்னீங்களே."

நர்மதாவுக்கு இது புதுச் செய்தி. பொன்னாத்தாளின் காகிதத்தை ஃபைலிலிருந்து எடுத்தாள். மூன்று வரவுகள் இருந்தன. கடைசியாக ஏற்றியது போன மாதம். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மறுபடியும் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை எதுவும் இல்லை. புதன்கிழமையும் இல்லை.

ஏற்றவில்லை என்றால் அந்த ஐம்பதாயிரம் மித்ராக்ஸோடு போகவில்லை. அதுவரை நல்லதுதான். பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன் அக்கா, இந்தாருங்கள் என்று அண்ணன் சொல்லிவிடுவான் என்று நர்மதா காத்திருந்தாள். பொன்னாத்தாளும் காத்திருந்தாள். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

ரமேஷ்குமார் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தான்.